மூன்று விசில்களுக்குள் ஒரு பரிந்துரை

பழங்காநத்தத்தில் எங்கள் வாசகர் மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் நிறைவுக் கூட்டத்தில், அவ்வாண்டு நான் வாசித்தவற்றையும் கேட்டவற்றையும் பற்றிப் பேசுவது வழக்கம். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. ஓய்வு பெற்ற பின்னும் விட்டுப்போகவில்லை. அந்த உரையில் நான் ஒரு நூலைச் சொன்னால், மறுவாரம் அதைச் சிலர் தேடி வாங்குகிறார்கள். சொல்லாமல் விட்டால், ஏன் விட்டீர்கள் என்று கேட்காமல் கேட்பதற்காக அதன் ஆசிரியர் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அரிதாகக் கொடுக்கப்படுவதால் என் பாராட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைச் செலவிடுவதில் நான் எப்போதும் கருமியாகவே இருந்திருக்கிறேன்.

இவ்வாண்டு அந்த மதிப்பு, பழங்காநத்தம் சந்திப்பில், இருபுறமும் சவுக்குக் கட்டை நட்டு, எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தப்பட்டுவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதையும், உண்மையில் நான் எவற்றைப் பரிந்துரைக்கிறேன் என்பதையும், பிறர் வாய்வழி பரவுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் வாசிப்பு. இவ்வாண்டு அது ஒழுங்காக நடக்கவில்லை. கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மருத்துவர் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, சில வாரங்கள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றார். அந்த விலக்கு நீங்கிய பிறகும் மனம் உட்கார மறுத்தது. ஒரு நாவலை எடுப்பேன். சில பக்கங்கள் போனதும் எழுந்து மாடிக்குப் போவேன். அங்கே எந்த வேலையும் இல்லை என்று கண்டுகொண்டு இறங்கி வருவேன். விட்ட இடம் தெரியாது. வேறொரு நூலை எடுப்பேன். மேசையில் நாலைந்து நூல்கள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. என் மாணவர் எவரேனும் புத்தகத்தை அப்படிக் கவிழ்த்து வைத்திருந்தால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

அவற்றில் முழுதாகப் படித்து முடித்தது ஒன்று. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. எழுதியவர் வங்கியில் பணிபுரியும் ஓர் இளம்பெண். வாசலில் தமிழும் அடுப்படியில் வீட்டுமொழியுமாக, நிலைப்படியைத் தாண்டும்போது வாக்கியத்தின் பாதியிலேயே மொழி மாறுகிற அந்த வீட்டை அவர் நன்றாக எழுதியிருக்கிறார். மருமகளாக வந்த தமிழ்ப்பெண், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல், அப்பளம் பொரித்துக்கொண்டு நிற்கும் அத்தியாயத்துக்காகவே அதை வாங்கலாம். அந்தக் குடும்பத்தின் சாயப்பட்டறைத் தொட்டிகளைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிச் செல்லலாம். நான் தாண்டவில்லை, தாண்டியிருக்கலாம்.

இசையில், ஓர் இளம் நாகசுரக் கலைஞரின் பதிவு. கோயில் வெளிப்பிராகாரத்தில் பதிவு செய்யப்பட்ட நீண்ட தோடி. எங்கோ ஒரு லாரி ஒலியெழுப்புகிறது. அவர் அதற்காக அவசரப்படவுமில்லை, நிறுத்தவுமில்லை. உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. நான் கூடத்தில் நடந்துகொண்டே கேட்டேன் என்பது இசையின் குறையன்று.

பலரும் புகழ்ந்த துப்பறியும் இணையத்தொடர் ஒன்றையும் பார்த்தேன். கதை மதுரையில் நடக்கிறதாம். எல்லோரும் கிசுகிசுக்கிறார்கள், இடைவிடாமல் மழை பெய்கிறது. மதுரையில் குற்றம் செய்தவரும் கிசுகிசுப்பதில்லை, மழையும் அப்படிப் பெய்வதில்லை. அதை நான் பரிந்துரைக்கவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. அதுதான் சிக்கல்.

அதற்குப் பெயர் ‘மூணு விசில்’. கைப்பேசியில் ஞாயிறுதோறும் வெளியாகும் ஒலித்தொடர். பேசுபவர்கள் இரண்டு பெண்கள். மூத்தவர் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. இளையவர் அவருடைய கணவரின் தங்கை. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மாடியும் கீழுமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். சனிக்கிழமை ஒரு புதுப்படம் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் அரிசியைக் குக்கரில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே அந்தப் படத்தைப் பற்றிச் சண்டையிடுவார்கள். மூன்றாவது விசில் வந்ததும், யார் எந்தச் சொல்லில் இருந்தாலும், பேச்சு நின்றுவிடும். நான் அறிந்த எந்த மேடைப் பேச்சாளருக்கும் இந்த ஒழுக்கம் இல்லை.

என் மனைவிதான் முதலில் அதைக் கேட்டாள், எங்கள் அடுப்படியில். இரைச்சலைக் குறைக்கச் சொல்வதற்காகப் போனேன். அப்போது இளையவர் கேட்டுக்கொண்டிருந்தார்:

“மதினி, அந்த அம்மா செத்த சீன்ல நீங்க அழுதீகதான?”

“அழுகலத்தா. ஏசிக் காத்து கண்ணுல அடிச்சுச்சு.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

“ஒரு கண்ணுல அடிச்சுச்சு. இன்னொண்ணு தொணைக்கு வந்துச்சு.”

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த ஞாயிறு, என் நாற்காலியைக் கூடத்தின் அடுப்படிப் பக்கத்துக்கு நகர்த்தி உட்கார்ந்தேன். அங்கே காற்று வருகிறது என்றேன். மனைவி ஒலியைச் சற்றுக் கூட்டினாள். கண்ணைக் கட்டிப்போட்டிருந்த அந்த வாரங்களில் பழைய பகுதிகளையெல்லாம் காதில் செருகிக்கொண்டு கேட்டு முடித்தேன்.

அவர்களிடம் ஒரு கேள்வி உண்டு. எந்தப் படமானாலும், மூன்றாவது விசிலுக்கு முன் இருவரில் ஒருவர் அதைக் கேட்டுவிடுவார்: “அந்தப் பொண்ணு படம் முச்சூடும் ஒரு வாய் சாப்பிட்டுச்சா?” நாயகன் சாப்பிடுகிறான், அவன் நண்பர்கள் சாப்பிடுகிறார்கள், வில்லன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டேதான் கட்டளையிடுகிறான். பரிமாறுகிறவள் எப்போது சாப்பிட்டாள்? அநேகமாக விடை, இல்லை என்பதே. அதன் பிறகு நான் அந்தச் சௌராஷ்டிர நாவலை மீண்டும் புரட்டினேன். அத்தனை அப்பளம் பொரித்த மருமகள் நூலின் கடைசிப் பக்கம் வரை ஒன்றையேனும் உடைத்து வாயில் போடவில்லை. ஆசிரியர் அறிந்து செய்ததா, மறந்து செய்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் வெளியில் சொல்லவில்லை. அரட்டைக்குச் செவிகொடுக்கிறேன் என்ற பேச்சு வந்தால், நாகசுரத்தைப் பற்றிச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று எண்ணினேன். ஆனால் என் தங்கை மகன் கேட்டபோது வாய் தவறிவிட்டது. அவன் பழங்காநத்தத்தில் ஃபிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். கண் பரிசோதனைக்குக் காரில் அழைத்துச் சென்றபோது, “பொழுது எப்படி மாமா போகுது?” என்றான்.

“ரெண்டு பொம்பளைங்க சினிமாவைப் பத்திப் பேசுறாங்கப்பா. மூணு விசில்னு பேரு. நல்லாருக்கு. நீயும் கேளு.”

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான்.

“நல்லாருக்கா? நீங்களா சொல்றீக? என் கல்யாணத்துல அம்புட்டுப் பேரும் சாப்பாட்டைப் புகழ்ந்தாக, நீங்க ‘உப்பு சரியா இருந்தது’ன்னீக மாமா!”

“ரோட்டைப் பாரு.”

எங்கள் குடும்பத்தில் தாய்மாமனுக்குச் செய்யும் மரியாதை, இப்போது ஃபிளக்ஸ் வடிவில் வருகிறது. காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் மட்டுமன்று, மாமன் எந்த மேடையில் ஏறினாலும் சந்திப்பில் ஒன்று நிற்கவேண்டும். இல்லையென்றால் மருமகன் மாமனை மதிக்கவில்லை என்று ஊர் பேசும். என் ஆண்டுரை ஞாயிற்றுக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை காலையில் நாளிதழ் வாங்கப் போனவன், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு பெரிய தலையைச் சந்திப்பில் கண்டேன். அறுவை சிகிச்சைக்குப் பின் அவன் எடுத்த படம். பக்கத்தில் ஒரு புலி. கீழே, தொடரின் முகப்பிலிருந்து எடுத்த, அந்த இரண்டு பெண்களின் படம். எழுத்துகள் இவை: ‘எங்கள் தாய்மாமன், விமர்சன வேங்கை, தமிழ்ச் சிகரம் வியந்து கேட்கும் மூணு விசில்! மாமா சொன்னா நல்லாருக்கும்! உரை கேட்க அலைகடலென வாரீர்! இவண், பாசமிகு மருமகன்கள்.’

நாளிதழ்க் கடைக்காரர் ஃபிளக்ஸையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சார், அது நீங்கதான?”

“யாரோ என் சாயலில் இருக்கிறார்,” என்றேன். அதே கறுப்புக் கண்ணாடியைத்தான் அப்போதும் அணிந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் உறைத்தது.

தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஃபிளக்ஸை உடனே இறக்கவேண்டும் என்றேன்.

“எறக்கிரலாம் மாமா. அஞ்சு நிமிச வேலை. ஆனா காலைல பூரா சனம் பாத்துருச்சு. இப்ப எறக்குனா, ‘மாமனுக்கும் மருமகனுக்கும் என்ன சண்டை’ன்னு கேப்பாக. இருந்தா ஒரு பேச்சு, எறக்குனா ரெண்டு பேச்சு.”

“புலி எதுக்குடா?”

“சிங்கம் போன வாரம் இன்னொருத்தருக்குப் போட்டாச்சு மாமா.”

அடுத்து மன்றச் செயலாளர் அழைத்தார். பணிவானவர், பணிவாலேயே காரியம் சாதிப்பவர். “ஐயா, சந்திப்புல ஒண்ணு பார்த்தேன். ரெண்டு பேரு போன் பண்ணிக் கேட்டுட்டாங்க, மன்றம் சினிமாப் பக்கம் போயிருச்சான்னு. ஒண்ணுமில்ல, தொடக்கத்துல நீங்க ஒரே ஒரு வரி சொல்லிட்டீங்கன்னா போதும். உறவுக்காரங்க ஆர்வக்கோளாறு, உங்களுக்குச் சம்பந்தமில்லன்னு.” எனக்கும் அது சரியாகப் பட்டது. ‘சந்திப்பில் உள்ள விளம்பரம் அன்பு மிகுதியால் நேர்ந்த பிழை, அதில் உள்ள கருத்து என்னுடையதன்று’ என்று வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன். கட்டுக்கோப்பான வாக்கியம். சனிக்கிழமை முழுதும் கூடத்தில் நடந்தபடி அதைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் பாதியில் குரல் தணிந்தது. நாவலை எடுத்தேன், கவிழ்த்தேன். தோடியை வைத்தேன், அணைத்தேன். மாடிக்குப் போனேன். “செருப்பு தேயப்போகுது,” என்றாள் மனைவி. வீட்டுக்குள் நான் செருப்பு அணிவதில்லை.

ஞாயிறு காலை, புதிய பகுதி வந்தது. கேட்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். மனைவி அடுப்படியில் வைத்தாள், வேண்டுமென்றே வைத்தாள். முதல் விசிலுக்கும் இரண்டாம் விசிலுக்கும் இடையில் இளையவர் சொன்னார்:

“மதினி, விசயத்தைச் சொல்லுங்க.”

“நீயே சொல்லுத்தா. நான் வெங்காயம் வெட்டிக்கிட்டிருக்கேன்.”

“பழங்காநத்தத்துல நம்ம படத்தை ஃபிளக்ஸ் போட்டிருக்காக! ஒரு புரொபசரு நம்ம பேசுறதைக் கேக்குறாராம். இன்னைக்குச் சாயங்காலம் கூட்டமாம். நாங்க ரெண்டு பேரும் போறோம்.”

“உங்கண்ணேதான், ‘அடுப்படிப் பேச்சை எவன்டி கேக்கப்போறான், முதல்ல அதை நிறுத்துங்க’ன்னு மூணு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்காருல்ல? அவரையும் கூட்டிட்டுப் போறோம். அவரு காதுபடக் கேக்கட்டும். இல்ல, நிறுத்தணும்னா நிறுத்திப்புடுவோம். இன்னைக்குத் தெரிஞ்சுரும்.”

அங்கே குக்கர் விசில் அடித்தது. என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, “என்னங்க, வேட்டி எடுத்து வைக்கவா, பேண்ட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

மாலையில் மன்றக் கூடம் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது, அலைகடல் அன்று. இரண்டாம் வரிசையில் அவர்கள் இருந்தார்கள். குரலை மட்டுமே அறிந்தவர்களின் முகத்தை அடையாளம் காண்பது கடினம் என்பார்கள். எனக்குக் கடினமாக இல்லை; ஃபிளக்ஸில் பார்த்திருந்தேன். மூத்தவர் பட்டுச் சேலை உடுத்தி, கைப்பையை மடியில் இரு கைகளாலும் பிடித்தபடி, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். இளையவர் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தார். அவர்களுக்கு அருகில், கைகளைக் கட்டிக்கொண்டு, வெளிக்கதவைப் பார்த்தபடி ஓர் ஆண். அண்ணன், கணவர். செயலாளர் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பும்போது, “அந்த ஒரு வரி ஐயா,” என்றார்.

ஒரு வரியில் என் பெயரைக் காத்துக்கொள்ளலாம். அதே ஒரு வரியில் அந்த அடுப்படியின் பேச்சு நின்றுபோகும். இரண்டும் எனக்குத் தெரிந்தே இருந்தன. ஆகவே அதைத் தள்ளிப்போட்டு நாவலைப் பற்றித் தொடங்கினேன். மூன்று தலைமுறைகளையும் சொன்னேன். சாயத் தொட்டிகளையும் சொன்னேன், தேவைக்கு மேலாகவே. நாகசுரம், தோடி, லாரி. இணையத்தொடரின் மழை. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டது மேடை வரை கேட்டது. சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை என்ற இடத்துக்கு வந்தபோது, தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்தேன்.

“சந்திப்பில் உள்ள விளம்பரத்தைப் பற்றி,” என்றேன். செயலாளர் நிம்மதியுடன் தலையசைத்தார். மூத்தவரின் விரல்கள் கைப்பையை இறுக்கின.

“அதிலுள்ள அடைமொழிகள் என்னுடையவை அல்ல. புலியும் என்னுடையதன்று. கருத்து என்னுடையது.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தொடர்ந்தேன். நான் நாடகமும் கதையும் கற்பித்த காலமெல்லாம், ஒரு பாத்திரம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று கேட்கச் சொன்னேன். அது சாப்பிட்டதா என்று கேட்கச் சொன்னதில்லை என்றேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் மறுபடி படித்த அப்பள அத்தியாயத்தைச் சொன்னேன். குறைகளையும் விடவில்லை. இளையவர் கதையின் முடிவை முன்கூட்டியே உடைத்துவிடுகிறார். மூத்தவர் பழைய நடிகர்களிடம் அநியாயத்துக்கு இரக்கம் காட்டுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. “இருந்தாலும் கேட்கலாம். நான் கேட்கிறேன்,” என்று முடித்து உட்கார்ந்தேன். எனக்கு வியர்த்திருந்தது.

கூட்டம் கலைந்தபோது அவர்கள் மேடையருகே வந்தார்கள். இளையவர்தான் முதலில் பேசினார்.

“ஐயா, முடிவைச் சொல்லிப்புடுறேன்னு சொன்னீகளே, அதைக் கண்டுபிடிக்க எத்தனை எபிசோடு கேட்டீக?”

“எல்லாம்,” என்றேன்.

அவர் திரும்பி, “அண்ணே, கேட்டுச்சா?” என்றார். கை கட்டியிருந்தவர் கட்டை அவிழ்த்து எனக்கு வணக்கம் சொன்னார். “கேட்டுச்சு, கேட்டுச்சு. வண்டியை எடுக்குறேன், வாங்க,” என்று வாசலுக்கு நடந்தார். மூத்தவர் மட்டும் சற்று நின்றார். “ஐயா, பழைய நடிகருக்கெல்லாம் எரக்கம் காட்டுறேன்னீக. அவுக எல்லாம் வயசானவுகல்ல? நம்ம கொஞ்சம் பாத்துத்தான பேசணும்?” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அவசரமாக வணக்கம் வைத்துப் போனார்.

செயலாளர் நாற்காலிகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். அடுத்த ஆண்டு என்னை அழைப்பாரா என்பது அவருடைய முதுகிலிருந்து தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை மலையடிவாரத்தில் நடப்பதற்காகக் கீழக்குயில்குடிக்குத் தங்கை மகன் அழைத்துச் சென்றான். அவன் தேநீர்க் கடையில் நின்றுவிட, நான் தனியாக நடந்தபடி காதில் செருகிக்கொண்டேன். அவர்கள் அந்த வாரம் படம் பார்க்கவில்லையாம். என் உரையைப் பார்த்தார்களாம்.

“மொத பாதி இழுவை மதினி.”

“சாயத் தொட்டி எடத்துல எனக்கே சாயம் போயிருச்சுத்தா. இவரு பேச்சுக்குக் குக்கர் வச்சிருந்தா, சோறு கரியாயிருக்கும்.”

“ஆனா கடைசி பரவால்ல.”

“கடைசி நல்லாருந்துச்சு. நல்லாருந்ததை நல்லாருக்குன்னு சொல்லணும்ல? சொல்லும்போது மனுசன் மொகத்தைப் பாக்கணுமே, பல்லுப் புடுங்கக் குடுத்தவரு மாதிரி.”

“சரி, கேள்வியைக் கேளுங்க.”

“தண்ணியைக் கையில எடுத்தாரு. குடிச்சாரா?”

விசில் அடித்தது. பேச்சு நின்றது.

நான் நின்ற இடம் ஒரு தொழுவத்தின் ஓரம். மழைக்கு வைக்கோல் படப்பைப் போர்த்தி, நாற்புறமும் கல் தொங்கவிட்டிருந்தார்கள். போர்த்தியிருந்தது என் முகம். கறுப்புக் கண்ணாடியும் புலியும் தலைகீழாக இருந்தன. சந்திப்பிலிருந்து இறக்கிய ஃபிளக்ஸைத் தங்கை மகன் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். எல்லா ஃபிளக்ஸும் இப்படித்தான் போகின்றன. சாணக்கூடையுடன் வந்த பெண் படப்பையும் என்னையும் பார்த்தார்.

“ஐயா, இது நீங்கதானா?”

“நான்தான்,” என்றேன். “தலைகீழாகக் கட்டியிருக்கிறீர்கள்.”

“நேராக் கட்டுனா அந்தக் கிழிசல் வழியாத் தண்ணி எறங்குதுங்கய்யா. மாத்திக் கட்டவா?”

“வேண்டாம்,” என்றேன். தேநீர்க் கடையை நோக்கித் திரும்பினேன். முதல் பாதி இழுவை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாண்டலாம் என்று மேலே நானே எழுதியிருந்தாலும், சாயத் தொட்டி இல்லாமல் அந்த நாவலின் மூன்றாம் தலைமுறை விளங்காது. அதை அவர்களுக்கு எப்படிச் சுருக்கமாக எடுத்துச் சொல்வது என்று வழிநெடுக வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். எதுவும் மூன்று விசிலுக்குள் முடிவதாக இல்லை.